நாய்க்கு முழங்கால் பட்டை: விற்பதற்கு முன் அறிய வேண்டியவை

நாய்த் தீவனம், கழுத்துப் பட்டை, சங்கிலி, ஷாம்பு என்று வளர்ப்புப் பிராணிகளுக்கான சரக்கை நம் உறுப்பினர்களில் பலர் இப்போது கடையில் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் பெருநகரங்களில் இதற்கென்றே இருந்த தனிக் கடைகள்தான் இந்த வியாபாரத்தைச் செய்தன. இன்று மளிகைக் கடையிலும், மருந்துக் கடையிலும், மாட்டுத் தீவனக் கடையிலும் ஒரு தட்டு இதற்காக ஒதுக்கப்படுகிறது. அந்தத் தட்டுக்கு அண்மையில் வந்து சேர்ந்த சரக்கு, பின்னங்காலில் ஜவ்வு கிழிந்த நாய்க்குக் கட்டும் முழங்கால் பட்டை. 'நீ பிரேஸ்' என்றும் கேட்கிறார்கள்.

இது மற்றச் சரக்கைப் போல அல்ல. கழுத்துப் பட்டை அளவு தவறினால் வாடிக்கையாளர் மாற்றிக்கொண்டு போவார். முழங்கால் பட்டையைத் தவறாகக் கொடுத்தால் நாய் இரண்டு மூன்று மாதம் வலியோடு நொண்டும். அதற்குள் மருத்துவம் பார்த்திருக்க வேண்டிய காலமும் போய்விடும். "அண்ணாச்சி கடையில் வாங்கினேன், குணமாகும் என்று சொன்னார்" என்ற பேச்சு தெரு முழுவதும் பரவும். சட்டத்திலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. ஆகவே இந்தப் பட்டை என்ன செய்யும், என்ன செய்யாது, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்காமல் அனுப்ப வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் முழங்கால் எது என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. நாயின் பின்னங்காலில் பின்பக்கமாகக் கூர்மையாகத் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டைப் பலர் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, தொடையின் கீழ் முனையில், வயிற்றை ஒட்டியபடி முன்பக்கம் பார்த்து இருக்கிறது. ரோமம் அடர்ந்த நாயில் அது கண்ணுக்கே தெரியாது. கையால் தடவினால்தான் முழங்கால் சில்லு தட்டுப்படும். கணுக்காலுக்கான பட்டையும் முழங்காலுக்கான பட்டையும் வெவ்வேறு சரக்கு. முன்னங்காலுக்கு உள்ளது இன்னொரு சரக்கு. வாடிக்கையாளர் "முழங்கால்" என்று சொன்னவுடன் எடுத்துக் கொடுக்காமல், தம் காலையோ கடையில் உள்ள ஒரு படத்தையோ காட்டி "எந்த இடம்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. திரும்பி வரும் சரக்கில் ஒரு பங்கு இந்த ஒரு கேள்வியிலேயே குறையும்.

இனி அடிபடுவது என்ன என்று பார்ப்போம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடத்தில், மூட்டுக்கு உள்ளே, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு லிகமென்ட்டுகள் உள்ளன. மக்கள் வழக்கில் ஜவ்வு என்பது இதைத்தான். நாய்களில் பெரும்பாலும் கிழிவது இவற்றில் முன்புற லிகமென்ட். நாயின் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை சமதளமாக இல்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. நாய் காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னோக்கி வழுக்கப் பார்க்கும், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கித் தள்ளப் பார்க்கும். லாரியில் மூட்டை ஏற்றும் சரிவுப் பலகையில் கைவண்டியை நிறுத்தி, அது உருளாமல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கயிறுதான் இந்த லிகமென்ட். கயிறு அறுந்தால் வண்டி ஒவ்வோர் அடிக்கும் நகரும். அந்த நகர்வில் நடுவிலுள்ள மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்புத் தட்டு நசுங்கிக் கிழிவதும் உண்டு. அப்படிக் கிழிந்தால் வலி கடுமையாகிவிடும். வெளியிலிருந்து எந்தப் பட்டையாலும் அதைச் சரி செய்ய முடியாது.

மனிதருக்கு இந்தக் காயம் பெரும்பாலும் பந்து விளையாடும்போதோ வண்டியிலிருந்து விழும்போதோ ஒரே நொடியில் நேர்கிறது. நாய்க்கு அப்படி அல்ல. பல மாதங்களாகக் கயிறு பிரிபிரியாகத் தேய்ந்து வந்து, ஒருநாள் மாடிப்படி இறங்கும்போதோ பூனையைத் துரத்தும்போதோ அறுந்துபோவதுதான் அதிகம். இதனால்தான் ஒரு காலில் லிகமென்ட் போன நாய்களில் ஏறத்தாழ பாதிக்குப் பிற்பாடு மறு காலிலும் போகிறது. லாப்ரடார், ராட்வீலர் போன்ற கனத்த இனங்களில் இது அதிகம். உடல் பருத்த நாய்க்கு ஆபத்து இன்னும் கூடுதல். நம் ஊரில் லாப்ரடார் வளர்ப்பவர்கள் அதற்குக் காலை மாலை பிஸ்கட்டும் பால்சோறுமாகப் போட்டு வளர்ப்பதை நாம் எல்லோருமே பார்க்கிறோம். (அந்தப் பிஸ்கட்டை விற்பதும் நாம்தான்.)

கடைக்கு வருபவர் "நாய் பின்னங்காலை ஊன்றமாட்டேன் என்கிறது, ஒரு பட்டை கொடுங்கள்" என்றுதான் கேட்பார். நொண்டுவதெல்லாம் ஜவ்வு கிழிந்ததனால் அல்ல. பொமரேனியன் போன்ற சிறு நாய்களில் முழங்கால் சில்லு தன் பள்ளத்திலிருந்து விலகிப் போவது மிகச் சாதாரணம். நான்கு அடி நொண்டும், பிறகு சரியாக ஓடும், மறுபடி நொண்டும். அல்சேஷன் நாயில் இடுப்பு மூட்டுக் கோளாறு பேர்போனது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கும் மூட்டு வீங்கி நடக்க முடியாமல் போவதுண்டு. நம் வெயிலிலும் ஈரத்திலும் உண்ணிக்குப் பஞ்சமில்லை. பாதத்தில் முள் தைத்திருக்கலாம், நகம் பிய்ந்திருக்கலாம், எலும்பே முறிந்திருக்கலாம். வயதான நாயில் எலும்புப் புற்றுநோய்கூட நொண்டலாகத்தான் தொடங்கும். இவை ஒன்றுக்கும் முழங்கால் பட்டை மருந்தல்ல. சிலவற்றில் கெடுதலும் செய்யும்.

கால்நடை மருத்துவர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டால், நம்மால் ஏன் முடியாது என்பது விளங்கும். தொடை எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னே தள்ளிப் பார்ப்பார். மேஜை இழுப்பறை போல அது முன்னே வந்தால் லிகமென்ட் போய்விட்டது என்று பொருள். வலியில் நாய் தசையை இறுக்கிக்கொண்டால் மயக்க ஊசி போட்டுத்தான் இதைப் பார்க்க முடியும். எக்ஸ்ரேயில் லிகமென்ட் தெரியாது. ஆனால் மூட்டுக்குள் நீர் கோத்திருப்பதும், எலும்பு இடம் நகர்ந்திருப்பதும், முறிவு இல்லை என்பதும் தெரியும். இவ்வளவும் பார்த்துச் சொல்ல வேண்டியதைக் கல்லாவில் உட்கார்ந்தபடி நாம் சொல்லக் கூடாது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் மருத்துவம் செய்யலாம். "இது ஜவ்வுதான், இதைக் கட்டுங்கள்" என்று சொல்வது நம் வேலையைத் தாண்டிய பேச்சு.

ஆகவே நம் முதல் கேள்வி எப்போதும் "டாக்டரிடம் காட்டினீர்களா? என்ன சொன்னார்?" என்பதாக இருக்கட்டும். காட்டவில்லை என்றால் பட்டையை விற்க வேண்டாம் என்பதே நம் கருத்து. ஒரு விற்பனை போகிறதே என்று தோன்றும். சென்னையில் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இருக்கிறது. 1989இல் கால்நடை அறிவியலுக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அதன் கல்லூரிகள் உள்ளன. இவற்றையும் அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனையையும் வாடிக்கையாளருக்குச் சொல்லி அனுப்பினால், அவர் மருத்துவர் எழுதிய சீட்டோடு நம் கடைக்கே திரும்பி வருவார். தனியார் மருத்துவர்களின் முகவரியை ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பதில் செலவு ஒன்றும் இல்லை.

லிகமென்ட்தான் என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பட்டை எந்த அளவுக்கு உதவும்?

அறுந்த லிகமென்ட்டைப் பட்டை ஒட்ட வைக்காது. பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும் இதில் ஐயம் வேண்டாம். காலப்போக்கில் மூட்டைச் சுற்றிலும் உடலே தடித்த நார்த் திசுவை வளர்த்து மூட்டை ஓரளவு இறுக்கிக்கொள்கிறது. அதுவரை மூட்டுக்குத் துணையாக நிற்பதும், நாய் தாறுமாறாகத் துள்ளாமல் நினைவூட்டுவதும், சூடு கொடுத்து வலியைக் குறைப்பதும்தான் பட்டையிடம் எதிர்பார்க்கக்கூடியவை. அதுவும் எல்லாப் பட்டையும் ஒரே அளவு செய்வதில்லை.

நாயின் எடைதான் இங்கே பெரிய கணக்கு. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்யாமல் ஓய்வும் கட்டுப்பாடுமாக வைத்திருந்த நாய்களைப் பார்த்தார்கள். 15 கிலோவுக்குக் குறைந்த நாய்களில் 100க்கு சுமார் 85 ஆறு மாதத்தில் தேறின அல்லது நன்றாகவே நடந்தன. 15 கிலோவுக்கு மேற்பட்டவற்றில் 100க்கு 20கூடத் தேறவில்லை. அந்த நாய்களுக்குப் பட்டை கட்டியதாக வைத்துச் சொன்ன கணக்கு அல்ல இது. ஆனால் நம் வாடிக்கையாளருக்கு இது சொல்லும் செய்தி தெளிவானது. 6 கிலோ ஸ்பிட்ஸ் நாய் பட்டை இல்லாமலே தேறக்கூடும். 35 கிலோ லாப்ரடாருக்குக் கடையில் தொங்கும் துணிப் பட்டையை வாங்கிக் கட்டிவிட்டு அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் பணத்தையும் நாளையும் இழப்பதுதான்.

அறுவைச் சிகிச்சை என்றால் இன்று பல முறைகள் உள்ளன. பெரிய நாய்களுக்கு அதிகமாகச் செய்வது, கீழ்க்கால் எலும்பின் மேல்முனையை வளைவாக அறுத்துத் திருப்பி, அந்தச் சரிவைச் சமதளமாக்கித் தகடு வைத்துப் பொருத்தும் முறை. சரிவே இல்லையென்றால் கயிற்றுக்கு வேலை இல்லை அல்லவா? அமெரிக்க மருத்துவர் பார்க்ளே ஸ்லோகம் இதை வகுத்து 1993இல் வெளியிட்டார். செலவு பல பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்பதால் எல்லோராலும் முடிவதில்லை. மிகவும் வயதான நாய், இதய நோய் உள்ள நாய், மயக்க மருந்து தாங்காத நாய் இவற்றுக்கும் அறுவை இயலாமல் போகலாம். அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. பட்டைக்கு நியாயமான வாடிக்கையாளர்கள் இவர்கள்தான். அறுவை முடிந்து வந்தவர் கேட்டால், தையல் போட்ட காயத்தின் மேல் பட்டை கட்டலாமா என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

சந்தையில் உள்ள சரக்கை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, நியோப்ரீன் என்னும் பஞ்சு போன்ற ரப்பர்த் துணியில் தைத்து, வெல்க்ரோ ஒட்டுப் பட்டையோடு வருவது. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் இதுதான் நம் கடைகளில் அதிகம் வருகிறது. இது சூடும் லேசான பிடிப்பும் கொடுக்கும். கீழ்க்கால் எலும்பு முன்னே தள்ளுவதை இது தடுக்கும் என்பதற்குத் திடமான சான்று இல்லை. இரண்டாவது வகையில் அதே துணியின் இரு பக்கமும் உலோகப் பத்தையோ கீலோ வைத்துத் தைத்திருப்பார்கள். கீல் நாயின் மூட்டுக்கு நேராக உட்கார்ந்தால் பயன். இரண்டு அங்குலம் கீழே இறங்கிவிட்டால் கால் மடங்கும் இடமும் கீல் மடங்கும் இடமும் வேறாகி, அதுவே சதையில் குத்தும். மூன்றாவது, அந்த நாயின் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அந்த அச்சின்மேல் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கீல் பொருத்திச் செய்வது. இதைக் கடையில் தொங்கவிட்டு விற்க முடியாது. செயற்கைக் கால், காலணி செய்யும் நிபுணர்கள் மருத்துவரோடு சேர்ந்து செய்ய வேண்டியது.

இந்த மூன்றாம் வகையைப் பற்றி 2016இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் ஒரு கணக்கு வந்தது. நாய் உரிமையாளர்களிடம் கேட்டறிந்தது அது. அச்செடுத்துச் செய்த பட்டை அணிவித்தவர்களில் பெரும்பான்மையினர் திருப்தியாகவே இருந்தார்கள். ஆனால் அந்த நாய்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றுக்குப் பட்டை உராய்ந்து தோலில் புண் வந்திருந்தது. அளவெடுத்துச் செய்ததற்கே இப்படி என்றால், எஸ், எம், எல் என்று மூன்றே அளவில் வரும் சரக்கைப் பற்றி நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

மனிதருக்கான 'நீ கேப்' பட்டையைச் சிறுவர் அளவில் எடுத்து நாய்க்கு மாட்டும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அதைக் கொடுக்க வேண்டாம். நாம் நிற்கும்போது நம் முழங்கால் நேராக இருக்கிறது. நாய் நிற்கும்போதே அதன் முழங்கால் மடங்கித்தான் இருக்கும். நம் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பருமனில் அவ்வளவு வித்தியாசம் இல்லை; நாயின் தொடை மேலே அகன்று கீழே புனல் போலக் குறுகுகிறது. புனலில் மாட்டிய வளையம் கீழே வழுக்காமல் என்ன செய்யும்? கீழே இறங்கிய பட்டை கணுக்காலுக்கு மேல் சுருண்டு நின்று இரத்த ஓட்டத்தை அடைக்கும், பாதம் வீங்கும். கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவதிலும் இதே ஆபத்துதான்.

அதனால் கொள்முதல் செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது, பட்டை கீழே இறங்காமல் மேலே இழுத்துப் பிடிக்க முதுகின் மேலாகச் செல்லும் வார் இருக்கிறதா என்பது. முதுகு வார் இல்லாத முழங்கால் பட்டையை மொத்த வியாபாரி எவ்வளவு சலுகை விலைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். அடுத்து உட்பக்கத் தையலைக் கை வைத்துத் தடவிப் பாருங்கள். தையல் மடிப்பு உள்ளே புடைத்திருந்தால் அந்த இடத்தில் புண் வரும். வெல்க்ரோவைப் பத்து இருபது தடவை பிரித்து ஒட்டிப் பாருங்கள். நாய் ரோமம் ஒட்டிக்கொண்டால் மட்டமான வெல்க்ரோ ஒரு வாரத்தில் பிடிப்பை இழந்துவிடும். உலோகப் பத்தையின் முனை மழுக்கப்பட்டு உறைக்குள் இருக்கிறதா, தண்ணீரில் அலசினால் துருப்பிடிக்குமா என்பதையும் கேளுங்கள். வலது கால், இடது கால் என்று தனித்தனியாக வருவதா, இரண்டுக்கும் பொதுவானதா என்பதைப் பெட்டி மேலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாத பெட்டியால் வரும் தொல்லை கொஞ்சமல்ல.

அளவெடுப்பதை வாடிக்கையாளரின் ஞாபகத்துக்கு விட்டுவிடக் கூடாது. "நடுத்தர நாய் சார்" என்பது அளவல்ல. தையற்காரரின் இன்ச் டேப்பே போதும். நாய் நான்கு காலும் ஊன்றியோ, முடிந்தவரை ஊன்றியோ நிற்கும்போது எடுக்க வேண்டும்; படுத்திருக்கும்போது எடுத்த அளவு உதவாது. தொடையின் மேல்பகுதியில், அடிவயிற்று மடிப்பை ஒட்டிச் சுற்றளவு. முழங்கால் சில்லின் மேல் சுற்றளவு. அதற்குக் கீழே கெண்டைக்கால் நடுவில் சுற்றளவு. தொடை மேலிருந்து கணுக்காலுக்கு மேல் வரை நீளம். முதுகு வாருக்காக வயிற்றுச் சுற்றளவும் வேண்டும். நொண்டும் காலில் தசை வற்றியிருக்கும் என்பதால் நல்ல காலை அளந்துகொண்டு வருவது தவறு. ரோமத்தை அழுத்தி அளக்க வேண்டும். எடையையும் இனத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு இனங்களுக்குக் கால் மெலிந்து நீண்டிருக்கும், ரோமம் குறைவு, தோல் மெல்லியது. வெளிநாட்டு அளவு அட்டவணையில் எடையைப் பார்த்து எடுத்தால் அவற்றுக்குப் பட்டை தொளதொளக்கும். சுற்றளவைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அளவு இரண்டு எண்ணுக்கு நடுவில் வந்தால் நாயைக் கடைக்கே அழைத்துவரச் சொல்லிப் போட்டுப் பார்ப்பது மேல். வலியில் உள்ள நாய் பழகிய கையையும் கடிக்கும் என்பதால், மாட்டுவதை உரிமையாளரே செய்யட்டும். நம் கடைப் பையன்களை அதில் விடாதீர்கள்.

பட்டையோடு சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டியவை சில உண்டு. முதல் நாள் கால் மணி, அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த தடம் மறையாமல் நின்றால் அளவோ கட்டோ சரியில்லை. படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம். இரவில் கழற்றிவிட வேண்டும். நியோப்ரீன் காற்றோட்டம் இல்லாத துணி. நம் ஊர் வெக்கையில் உள்ளே ஈரம் தங்கினால் தோல் வெந்துபோகும். மழையில் நனைந்த பட்டையோடு நாயைக் கட்டிப் போட்டால், உராய்ந்த சின்னப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். நாய் வளர்க்கும் எவரையும் கேளுங்கள், புழு வைத்த புண் எப்படிப்பட்டது என்று சொல்வார்கள். பாதம் வீங்கினாலோ சில்லிட்டுப் போனாலோ, நாய் பட்டையை ஓயாமல் கடித்தாலோ, முன்பைவிட அதிகம் நொண்டினாலோ கழற்றிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பட்டை கட்டியாயிற்று என்று நாயை ஓடவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கெடுதல். சங்கிலியில் பிடித்து மெதுவாக நடக்கச் செய்ய வேண்டும். மாடிப்படி, கட்டில், காரில் தாவி ஏறுதல் கூடாது. வழவழப்பான டைல்ஸ் தரையில் சணல் சாக்கையோ மிதியடியையோ விரித்துவிட்டால் அதன் பயன் பல பட்டைகளைவிட அதிகம். கிடங்கில் காவல் நாய் வளர்க்கும் உறுப்பினர்கள் இதைக் கவனிக்கலாம். மூட்டை ஏற்றும் மேடையிலிருந்து நாள் முழுதும் குதித்துக் குதித்து இறங்கும் நாய்க்கு முழங்கால் எத்தனை நாள் தாங்கும்? உடல் பருத்த நாய்க்கு எடையைக் குறைப்பதே பாதி மருத்துவம். தீவனம் வாங்க வருபவரிடம் "கொஞ்சம் அளவைக் குறைத்துக் கொடுங்கள்" என்று சொல்வது நம் விற்பனைக்கு எதிரான பேச்சுதான், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பட்டை வாங்குபவர் கூடவே "வலிக்கு ஒரு மாத்திரை" என்று கேட்பார். ஐபுபுரூஃபென், டைக்லோஃபெனாக் போன்ற மனித வலி மாத்திரைகள் நாயின் குடலிலும் சிறுநீரகத்திலும் கடும் சேதம் செய்யும், உயிரும் போகலாம். கால்நடை மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த வலி மருந்தையும் நாய்க்கென்று கேட்டால் கொடுக்கக் கூடாது.

இனி வியாபாரப் பக்கம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் தீங்கு வந்தால் தயாரிப்பாளர் மட்டுமன்றி விற்பவரும் எப்போதெல்லாம் பொறுப்பாவார் என்று 86ஆம் பிரிவு சொல்கிறது. அதில் நமக்கு நேராகப் பொருந்துபவை நான்கு. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை நாமாகக் கொடுத்தால் பொறுப்பு நம்முடையது. "ஆபரேஷனே வேண்டாம், மூன்று மாதத்தில் சரியாகிவிடும்" என்று சொல்வது அப்படிப்பட்ட உத்தரவாதம்தான். பொருளை நாம் மாற்றியமைத்து, அதனால் கெடுதல் வந்தாலும் அப்படியே. பெரிய பட்டையை வெட்டித் தைத்துச் சிறியதாக்கிக் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்தாலும் வினையாகும். தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத சரக்கை விற்றாலும் பொறுப்பு விற்பவர் தலையில்தான் வரும். பெட்டிக்குள் உள்ள எச்சரிக்கையையும் உபயோகக் குறிப்பையும் வாங்குபவருக்குக் கொடுக்காமல் விட்டாலும் அவ்வாறே. வெளிநாட்டுச் சரக்கில் குறிப்புத் தாள் நமக்குப் புரியாத மொழியில் இருந்தால், மேலே சொன்ன உபயோக முறையைத் தமிழில் அரைத் தாளில் அச்சடித்துப் பையில் போட்டுவிடுங்கள்.

பெயரும் முகவரியும் இல்லாமல் வெறும் பாலிதீன் பையில் வரும் இறக்குமதிச் சரக்கை வாங்கும் மொத்த வியாபாரிகள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதியாளர் பெயர் முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, எம்.ஆர்.பி. விலை, மாதம் ஆண்டு, புகார் தெரிவிக்க வேண்டிய தொடர்பு ஆகியவை பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். இல்லாத சரக்குக்கு எடையளவுத் துறையில் வழக்கு வந்தால் சில்லறைக் கடைக்காரரும் மாட்டிக்கொள்வார்.

பில் கட்டாயம் கொடுங்கள். பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம் என்றே சொல்லப்பட்டுள்ளன. திரும்பப் பெறும் கெடு பில்லில் எழுதப்படாவிட்டால் 30 நாள் என்று எடுத்துக்கொள்வார்கள். இது குறையுள்ள பொருளுக்கு. அளவு பொருந்தாமல் திரும்பி வருவது வேறு விஷயம். ரோமமும் ஈரமும் ஒட்டிய பட்டையை வேறொருவருக்கு விற்க முடியாது. ஆகவே "துணி மேல் சுற்றிப் போட்டுப் பார்த்து மூன்று நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம், அணிவித்து அழுக்கானால் மாற்றித் தரப்படாது" என்பது போன்ற ஓர் ஏற்பாட்டை விற்கும்போதே வாயால் சொல்லிப் பில்லிலும் எழுதிவிட்டால் சச்சரவு குறையும். எடுத்த அளவுகளைப் பில்லின் பின்பக்கம் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. அது நல்ல பழக்கம்.

வரித் தலைப்பிலும் குழப்பம் இருக்கிறது. சேணம், நாய்ச் சட்டை, பிராணிகளின் முழங்கால் காப்பு முதலியவை 4201 என்ற தலைப்பில் பெயர் சொல்லியே வருகின்றன. நோய்க்கோ காயத்துக்கோ பின் உடலுறுப்பைத் தாங்கிப் பிடிக்கும் சாதனங்கள் 9021இல் வருகின்றன. வெறும் காப்பு உறை எது, காயத்துக்குப் பின் தாங்கும் சாதனம் எது என்பதைப் பொறுத்து ஒரே அலமாரியில் உள்ள இரண்டு பட்டைகள் வெவ்வேறு தலைப்பில் போகக்கூடும். கொள்முதல் பில்லில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்து, இரண்டு மொத்த வியாபாரிகள் இரண்டு எண் போட்டிருந்தால் ஆடிட்டரிடம் கேட்டு ஒன்றை உறுதி செய்துகொண்டு அதன்படியே பில் போடுங்கள்.

எவ்வளவு சரக்கு வைப்பது என்று கேட்கும் உறுப்பினர்களுக்கு: அதிகம் வேண்டாம். வேகமாக ஓடும் சரக்கு அல்ல இது; நியோப்ரீனும் வெல்க்ரோவும் வெயில்படும் கண்ணாடி அலமாரியில் கிடந்தால் காய்ந்து கெட்டியாகிவிடும். ஒவ்வோர் அளவிலும் ஒன்றிரண்டு மாதிரி வைத்துக்கொண்டு, மருத்துவர் சீட்டும் இன்ச் டேப் அளவும் வந்த பிறகு மொத்த வியாபாரியிடம் சொல்லி இரண்டு மூன்று நாளில் வரவழைத்துக் கொடுப்பதே சரியான முறை. அந்த இரண்டு மூன்று நாளும் நாயைச் சங்கிலியில் ஓய்வாக வைத்திருக்கச் சொல்லி அனுப்புங்கள்.